இத்தனை ஜிபி அப்டேட்டை ஓசியில் அனுப்புகிறார்களே, அந்தச் செலவு யார் தலையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உள்ளூர் ஆட்கள் போக, புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்தும் நம்ம தமிழ் ஆட்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருவார்கள். விண்டோஸ் அப்டேட் ஓடி முடிகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதனால் பேச்சு எப்படியும் அந்த அப்டேட் பக்கமே போய்விடுகிறது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, அப்டேட் அனுப்புறதுக்கு கம்பெனிக்கு நிஜமாவே காசு ஆகுமா? சும்மா ஒரு ஃபைல்தானே?

ஆகும். எவ்வளவு என்று தெரிய ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஃபைல்களை ஆட்களுக்கு அனுப்பிக்கொடுக்கும் அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் சேவையில் இந்தியாவுக்குள் ஒரு ஜிபி அனுப்ப, ஆரம்பப் படியில் அவர்களே வெளியிட்டிருக்கும் விலை ஏறக்குறைய 11 சென்ட். அளவு கூடக் கூட விலை இறங்கும், அதனால் சராசரியாக 10 சென்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருளை ஒரு லட்சம் பேர் வைத்திருக்கிறார்கள், அப்டேட் 1 ஜிபி. மொத்தம் ஒரு லட்சம் ஜிபி, அதாவது 10,000 டாலர். டாலர் 85 ரூபாய் என்று பார்த்தால் எட்டரை லட்சம். இது ஒரே ஒரு அப்டேட்டுக்கு. மாதம் ஒன்று விட்டால் வருஷத்துக்கு ஒரு கோடியைத் தாண்டும், அதுவும் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிவிட்டு இனி ஒரு பைசா தரப்போகாதவர்களுக்காக.

அப்போ மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் எல்லாம் திவால் ஆகியிருக்கணுமே?

அவர்கள் இந்தச் சில்லறை விலையில் வாங்குவதே இல்லை. பெரிய அளவில் வாங்குபவர்கள் ஜிபி கணக்கை விட்டுவிட்டு குழாயின் அகலத்துக்குத்தான் காசு கட்டுகிறார்கள், ஒரு நொடிக்கு எத்தனை ஜிகாபிட் போகிறது என்பதற்கு. இந்தத் தொழிலில் பல காலமாக இருக்கிற ஒரு பில்லிங் முறை உண்டு, 95-ஆவது பெர்சன்டைல் என்பார்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு வேகத்தில் டேட்டா போகிறது என்று அளந்து குறித்துக்கொண்டே வருவார்கள். 30 நாள் மாதத்தில் அப்படி 8,640 அளவுகள் கிடைக்கும். அதைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, உச்சியிலுள்ள 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு, அதற்கு அடுத்து நிற்கிற எண்ணுக்குத்தான் மாதம் முழுக்கவும் பில். தள்ளிவிடுகிற அந்த 432 அளவுகளை நேரமாக்கினால் 36 மணி நேரம்.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புதுப் பதிப்பு வந்த அன்றைக்கு உலகமே ஒரேயடியாக இழுத்தாலும், கூட்டம் 36 மணி நேரத்துக்குள் கலைந்துவிட்டால் அது பில்லில் ஏறாது. கூட்டம் மூன்று நாள் நீடித்தால் அந்த மாதம் முழுவதற்கும் அந்த உச்ச வேகத்துக்கே கட்ட வேண்டும். அதே ஃபைலை, அதே எண்ணிக்கை ஆட்களுக்கு, மாதம் முழுக்கச் சீராகப் பரப்பி அனுப்பினால் பில் பலமடங்கு குறையும். ஏற்கெனவே ராத்திரி இரண்டு மணிக்குக் காலியாகக் கிடக்கிற குழாயில் அனுப்பினால் கூடுதல் செலவு பூஜ்யம் என்றே சொல்லலாம். குற்றாலத்தில் லாட்ஜ் கட்டுகிறவன் சீசன் கூட்டத்தை மனதில் வைத்து அறை கட்டுகிறான், மாசி பங்குனியில் அது பூட்டித்தான் கிடக்கிறது. அந்த மாசத்தில் நாலு பேர் வந்து தங்கினால் அவனுக்கு என்ன நஷ்டம்?

ஆக கம்பெனிக்கு வலிக்கிற இடம் எத்தனை ஜிபி என்பதை விட, எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்களா என்பதுதான். கீழே சொல்லப்போகிற தந்திரங்களில் பாதிக்கு மேல் இந்தக் கூட்டத்தைக் கலைக்கிற வேலைதான். 2013 செப்டம்பர் 18 அன்று ஐஓஎஸ் 7 வந்தபோது ஆப்பிள் சர்வர்களும் திணறின, பல ஊர்களில் இணைய நிறுவனங்களின் நெட்வொர்க்கும் திணறியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாரும் வீட்டில் அடைந்தபோது சோனி ஐரோப்பாவில் கேம் டவுன்லோடு வேகத்தைக் குறைத்தது, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடை தானியங்கி அப்டேட்டுகளைக் கூட்டம் குறைந்த நேரத்துக்குத் தள்ளிப்போட்டது.

எனக்கு அப்டேட் வந்துடுச்சு, அதே மாடல் போன் வச்சிருக்கிற மச்சானுக்கு வரலையே, ஏன்?

வேண்டுமென்றேதான். முதலில் ஒரு சதவீதம் பேருக்கு, அப்புறம் ஐந்து, இருபது என்று படிப்படியாகத் திறப்பார்கள். பிளே ஸ்டோரில் ஆப் போடும் எவரும் இந்தச் சதவீதத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். ஆப்பிளிலும் அப்படித்தான்: ஐபோன் தானாக அப்டேட் ஆக ஒன்றிலிருந்து நான்கு வாரம் வரை ஆகலாம், நீங்களே செட்டிங்ஸில் போய்த் தேடினால் உடனே கிடைக்கும் என்று அதன் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2022-இல் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதியிருந்தார்.

இதற்கு முதல் காரணம் பயம். பிழை இருந்தால் கொஞ்சம் பேரோடு நிற்கட்டும் என்ற எண்ணம். செலவு குறைவது கூடவே வரும் லாபம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட் விவகாரத்தில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்ததே, அந்த ஃபைல் மிகச் சிறியது. எல்லாருக்கும் ஒரேயடியாகப் போனது. அதற்குப் பிறகுதான் அந்த வகை அப்டேட்டையும் படிப்படியாக விட ஆரம்பித்தார்கள்.

இந்த ஃபைல் எல்லாம் அமெரிக்காவிலிருந்தா வருது?

பெரும்பாலும் இல்லை. ஃபைலின் பிரதிகளை உலகம் முழுக்கப் பல ஊர்களில் வைத்து, பக்கத்தில் இருப்பதிலிருந்து கொடுக்கும் ஏற்பாட்டுக்கு சிடிஎன் என்று பெயர். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் லெய்ட்டனும் டேனியல் லெவினும் 1998-இல் தொடங்கிய அகமாய்தான் இதில் மூத்த கை. ஆப்பிள் வெகுகாலம் அவர்களை நம்பியிருந்துவிட்டு 2014 வாக்கில் சொந்தமாகவும் ஒன்றைக் கட்டிக்கொண்டது. தினமும் இவ்வளவு அனுப்புகிறவனுக்கு வாடகையை விடச் சொந்த வீடு லாபம், அவ்வளவுதான்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இணைய நிறுவனத்தின் கட்டடத்துக்குள்ளேயே ஒரு சர்வர் பெட்டியை வைத்துவிடுவது. நெட்ஃபிளிக்ஸ் இதை ஓபன் கனெக்ட் என்ற பெயரில் செய்கிறது, கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட்டுக்கும் பிரதியைப் பக்கத்திலேயே சேமித்து வைக்கும் இதே மாதிரி ஏற்பாடுகள் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் கணக்கு இப்படி: பெட்டி அவர்களுடையது, கரண்டும் இடமும் இணைய நிறுவனத்துடையது, இருவரும் ஒருவருக்கொருவர் காசு கொடுப்பதில்லை. ஏன் என்றால் இருவருக்குமே லாபம். ஒரே படத்தை, ஒரே அப்டேட்டை ஆயிரம் பேருக்காக ஆயிரம் தடவை வெளியிலிருந்து இழுக்காமல் ஒரு தடவை இழுத்தால் போதும். நம் ஊரிலிருந்து பார்த்தால் கிழக்கே சென்னையிலும் மேற்கே கொச்சியிலும் கடலடிக் கேபிள் கரையேறுகிறது. ஆனால் நீங்கள் இறக்கும் விண்டோஸ் அப்டேட் அந்தக் கேபிள் பக்கமே போகாமல் இந்தியாவுக்குள்ளிருந்தே வந்துவிட வாய்ப்பு அதிகம்.

மாறினது கொஞ்சம்தானே, அந்தக் கொஞ்சத்தை மட்டும் அனுப்பினா என்ன?

அனுப்புகிறார்கள். பழைய ஃபைலுக்கும் புது ஃபைலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பி, உங்கள் மெஷினிலேயே இரண்டையும் சேர்த்துப் புது ஃபைலை உண்டாக்குவது. இதற்குக் காலின் பெர்சிவல் எழுதிய பிஎஸ்டிஃப் இன்றைக்கும் பேர் போன கருவி. 2009-இல் குரோம் குழுவினர் அதையும் தாண்டி கூர்ஜெட் என்று ஒன்றைச் செய்தார்கள். அவர்கள் காட்டிய உதாரணத்தில் முழு அப்டேட் ஒரு கோடியே மூன்று லட்சம் பைட்டுக்கு மேல், பிஎஸ்டிஃப் அதை ஏழு லட்சத்துக்குக் கொண்டுவந்தது, கூர்ஜெட் வெறும் 78,848 பைட்டில் முடித்துவிட்டது. நிரலில் ஒரு வரி கூடினால் அதற்குக் கீழே உள்ள முகவரிகள் எல்லாம் நகர்ந்துவிடும், பார்ப்பதற்கு ஃபைல் முழுக்க மாறினது போல இருக்கும். அந்த நகர்வை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டதுதான் கூர்ஜெட்டின் சாமர்த்தியம்.

ஜிப் மாதிரி சுருக்கிவைத்த ஃபைலிலும் இதே தொல்லை: உள்ளே ஓர் எழுத்து மாறினால் சுருக்கின வடிவம் எக்கச்சக்கமாக மாறிவிடும். அதனால் 2016 டிசம்பரில் கூகுள் பிளே, முதலில் பிரித்து, வித்தியாசம் பார்த்து, மறுபடி சுருக்குகிற முறையைக் கொண்டுவந்தது. முழு ஆப்பை இறக்குவதோடு ஒப்பிட்டால் சராசரியாக 65 சதவீதம் சின்னதாகிறது, ஒரு நாளைக்கு 6 பெட்டாபைட், அதாவது 60 லட்சம் ஜிபி மிச்சமாகும் என்று சொன்னார்கள். ஆனால் இப்படிப் பிரித்துச் சேர்க்கிற வேலையை யார் செய்வது? உங்கள் போன். ப்ராசசருக்கு நல்ல வேலை என்பதால்தான் ஆரம்பத்தில் இதைப் பின்னணியில் தானாக நடக்கும் அப்டேட்டுகளுக்கு மட்டும் வைத்தார்கள். மிச்சம் பிடித்த செலவில் ஒரு சின்னப் பங்கு உங்கள் பேட்டரிக்கு மாறியிருக்கிறது, அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

அப்புறம் எதுக்கு கேம் மட்டும் 50, 100 ஜிபி கேக்குது?

கேமில் இடத்தைப் பிடிப்பது படங்களும் ஒலியும். அதையெல்லாம் பெரிய பெரிய மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள். உள்ளே வரிசை மாறினாலும் மூட்டை முழுக்கப் புதிதாகத் தெரியும். ஸ்டீம் ஃபைலை ஏறக்குறைய ஒரு எம்பி துண்டுகளாக வெட்டி, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. கேம் செய்தவர் மூட்டையை ஒழுங்காகக் கட்டாவிட்டால் அந்த வசதி பலிக்காது. சோம்பேறித்தனம் என்றே நான் சொல்வேன், ஏனென்றால் அந்த டவுன்லோடு செலவு கடைக்காரரான ஸ்டீமுடையது, கேம் செய்தவருடைய பாக்கெட்டிலிருந்து நேராகப் போவதில்லை.

என் நெட்டிலிருந்து அடுத்தவனுக்கு அப்டேட் போகுதாமே, நிஜமா?

போகலாம். 2015-இல் விண்டோஸ் 10-உடன் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒரு வசதி வந்தது. ஒரு கணினி இறக்கின அப்டேட்டின் துண்டுகளை அடுத்த கணினி அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். ஒரே வீடு, ஒரே கடைக்குள் நடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. என் கடை மேஜையில் நாலு லேப்டாப்பை வரிசையாக வைத்து ஒன்றுக்கு முதலில் அப்டேட் முடித்துவிட்டால் மற்ற மூன்றும் விறுவிறுவென்று ஓடிவிடும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று போய் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால் வட்டப்படம் ஒன்று வரும்: மைக்ரோசாஃப்ட்டிலிருந்து எவ்வளவு, பக்கத்து மெஷினிலிருந்து எவ்வளவு, இணையத்தில் உள்ள முகம் தெரியாத கணினிகளிலிருந்து எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். அதற்குக் கீழே நீங்கள் அனுப்பினது எவ்வளவு என்பதும் இருக்கும். வாடிக்கையாளருக்கு அதைக் காட்டினால் முகம் மாறிவிடுகிறது.

அந்த முகம் தெரியாத கணினிகள் விஷயம்தான் விவகாரம். அங்கே கம்பெனி மிச்சம் பிடிப்பது உங்கள் அப்லோடில். அதே பக்கத்தில் உள்ளூர் நெட்வொர்க்கை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தை விலக்கிவிடலாம், அப்படி வைப்பதுதான் என் சிபாரிசு. போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்பவர்கள் அந்த வைஃபை இணைப்பை மீட்டர்டு, அதாவது அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு என்று செட்டிங்ஸில் மறக்காமல் குறியுங்கள். விண்டோஸ் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்ப வேண்டாம்.

இந்த யோசனை மைக்ரோசாஃப்ட்டோடு தொடங்கினதும் அல்ல. ஃபைலின் துண்டுகளை இறக்குகிறவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பிட்டாரெண்ட் முறையை பிராம் கோஹென் 2001-இல் கொண்டுவந்தார், வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கேமின் பேட்ச்களை பிளிசார்டு அந்த வழியில்தான் விளையாடுபவர்களுக்குள்ளேயே சுற்றவிட்டது. மாதச் சந்தாவும் கட்டி, அப்லோடும் கொடுத்து! கேட்டால் கோபம் வருகிற ஏற்பாடுதான், ஆனால் அந்தக் காலத்தில் அது இல்லாமல் பேட்ச் நாளைச் சமாளித்திருப்பது கஷ்டம்.

யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டரிலிருந்து வர்ற ஃபைலை நம்பலாமா?

நம்பலாம். ஃபைல் எந்த வழியில் வந்தாலும், கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து பொருந்தினால் மட்டுமே நிறுவப்படும். ஒரு பிட் மாறினாலும் தூக்கி எறிந்துவிடும். இந்தச் சரிபார்ப்பு இருப்பதால்தான் பிரதிகளை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்து வைக்க முடிகிறது.

லினக்ஸ் காரங்க யார்கிட்டயும் காசு வாங்கறதில்லையே, அவங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?

அடுத்தவர்கள் தயவில். பல்கலைக்கழகங்களும் இணைய நிறுவனங்களும் மிரர் என்று பிரதி வைத்துத் தங்கள் குழாயைத் தானமாகக் கொடுக்கிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கும் பைத்தான் நிரல் மொழியின் தொகுப்புகளுக்கும் ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன் நிறுவனம் இலவசமாகச் சேவை தருகிறது. நெட் மோசமாக இருந்த நாட்களில் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் சிடியைத் தபாலில் ஓசியாக வீட்டுக்கே அனுப்புவார்கள், ஷிப்இட் என்று பெயர், 2005-இல் தொடங்கி 2011-இல் நிறுத்தினார்கள். நம் பக்கம் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்களில் அந்த சிடி உறை இல்லாத அறை அபூர்வம். மைக்ரோசாஃப்ட்டும் 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது, முழு ஃபைல் 266 எம்பி என்பதால் டயல்-அப் ஆட்களுக்கு இலவச சிடி கொடுத்தது.

தயவு எப்போது வேண்டுமானாலும் தீரலாம் என்பதும் உண்டு. நிரல் எழுதுகிறவர்கள் மென்பொருள் பொதிகளை இறக்கிக்கொள்ளும் டாக்கர் ஹப் என்ற தளம் 2020 நவம்பரில், கணக்கில்லாமல் வருபவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 முறைதான் என்று கட்டுப்பாடு போட்டது. ஃபைல்களை வைத்து விநியோகித்த பின்ட்ரே என்ற சேவை 2021-இல் மூடப்பட்டபோது, மேக் கணினிகளில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்புரூ தன் ஃபைல்களை எல்லாம் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தின் பக்கம் நகர்த்த வேண்டியதாயிற்று.

நான் ஜவுளிக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதறேன், முந்நூறு கடை இருக்கு. எனக்கு என்ன வழி?

தென்காசிப் பக்கம் இப்படி ஒரு தம்பி இருக்கிறான், அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முந்நூறு கடைக்கு சிடிஎன் பேரம் எல்லாம் வேண்டாம். கிட்ஹப் ரிலீசஸில் போடுங்கள், ஒவ்வொரு ஃபைலும் 2 ஜிபி-க்குள் இருந்தால் போதும், எத்தனை பேர் இறக்கினாலும் பேண்ட்விட்த் வரம்பு கிடையாது. மூல நிரலை வெளியில் காட்ட வேண்டியதில்லை, ஃபைலுக்கு மட்டும் வேறாக ஒரு ரெப்போ (கிட்ஹப்பில் ஃபைல் வைக்கும் இடம்) போதும். அது பிடிக்காவிட்டால் கிளவுட்ஃபிளேர் ஆர்2: சேமிக்கக் காசு உண்டு, வெளியே அனுப்புவதற்குக் கட்டணம் இல்லை.

இடத்தை விட முக்கியம் அப்டேட்டரை எப்படி எழுதுகிறீர்கள் என்பது. அந்தத் தம்பியின் மென்பொருளில் டவுன்லோடு பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து இழுக்கும். கடையநல்லூர்ப் பக்கம் ஒரு கடையில் மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வர, 180 எம்பி ஃபைல் சாயங்காலம் வரை திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டே இருந்தது. கடைக்காரரின் அன்றைய டேட்டா தீர்ந்து, யுபிஐ பேமெண்ட் வந்ததா என்று பார்க்கக்கூட நெட் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எழுதுவது சில வரி வேலைதான். அப்புறம், எல்லாக் கடையும் காலை பத்து மணிக்குத்தான் மெஷினைப் போடும், அதனால் அப்டேட் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு தற்செயலான தாமதம் வையுங்கள். டாட்நெட், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் ஒவ்வொரு அப்டேட்டிலும் சேர்த்துக் கட்டாதீர்கள், அவன் 180 எம்பி-யில் மாறியிருந்தது ஒரு ரிப்போர்ட் ஃபைல்.

அப்டேட்டுக்கு மட்டும் டேட்டா இலவசம்னு கம்பெனியே ஏர்டெல், ஜியோகிட்ட காசு கட்டிடலாமே?

இந்தியாவில் முடியாது. என்ன பார்க்கிறீர்கள் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்துவிட்டது. சில தளங்களை மட்டும் டேட்டா காசில்லாமல் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் நின்றுபோனதும் அதனால்தான். நல்ல விதிதான், இல்லாவிட்டால் பெரிய கம்பெனி ஆப் மட்டும் ஓசியில் ஓடும், நம்ம தம்பியின் பில்லிங் சாஃப்ட்வேருக்குக் காசு பிடிப்பார்கள்.

டெலிகாம்காரங்க கம்பெனிகிட்ட காசு கேக்கறாங்கன்னு படிச்சேனே?

கேட்கிறார்கள், எங்கள் குழாயை நிரப்புகிறவர்கள் பங்கு தர வேண்டும் என்று. இந்தியாவிலும் அவர்கள் சங்கம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தென் கொரியாவில் நெட்வொர்க் கட்டணம் பெரும்பாலான மற்ற நாடுகளைப் போல பத்து மடங்கு ஆகிறது என்று சொல்லி, கேம் நேரலைத் தளமான டுவிட்ச் 2024 பிப்ரவரியில் அங்கே கடையைக் கட்டிவிட்டது. டேட்டா பேக்குக்கு நாம் ஏற்கெனவே காசு கட்டியாயிற்று, ஒரே சரக்குக்கு இரண்டு பக்கமும் வசூல் எதற்கு என்பது என் கட்சி.

புளியரை தாண்டினா போன் கேரளா டவரைப் பிடிச்சு ரோமிங்னு காட்டுது. அப்டேட் போட்டா கூடுதல் காசு பிடிப்பானா?

உள்நாட்டு ரோமிங்குக்கு இப்போதுள்ள வழக்கமான பேக்குகளில் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் டவர் மாறும் இடத்தில் இணைப்பு அறுந்து அறுந்து வரும், மலை இறங்கும் வரை பெரிய டவுன்லோடு எதையும் தொடங்காதீர்கள். பிளே ஸ்டோரில் வைஃபையில் மட்டும் என்று வைத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை.

எங்க எஸ்டேட் லயத்துல நெட்டே சரியா இல்லை. ஒரு தடவை இறக்கி பென் டிரைவுல எல்லா மெஷினுக்கும் போடலாமா?

தாராளமாக. மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்று அவர்களே ஒரு தளம் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உள்ள கேபி எண்ணைப் போட்டுத் தேடினால் எம்எஸ்யு ஃபைலாக இறங்கும், காசு கிடையாது. மெஷினில் இருப்பது விண்டோஸ் 10-ஆ 11-ஆ, எந்தப் பதிப்பு என்பதை ரன் பெட்டியில் வின்வெர் என்று அடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். வேறு பதிப்புக்கான ஃபைலைக் கொண்டுபோனால் இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடும், அப்புறம் மறுபடி ஒரு நடை மலை இறங்க வேண்டிவரும். பென் டிரைவ் 16 ஜிபி-யாவது இருக்கட்டும். ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளுங்கள்.